உடைந்த காதும் நிலத்தின் மௌனமும்

ஒழுக்கத்தைப் பற்றி எழுதுவோர் கொலை, களவு, பொய் ஆகிய பெரும் பாதகங்களிலிருந்தே தொடங்குவது நம்மிடையே நெடுங்கால வழக்கம். அன்றாட உழைப்பின்போது மனிதனின் கைகளுக்கிடையே எழும் அற வினாக்களை அவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஓட்டை வாளியை அடைப்பவரும், கிழிந்த வலையைப் பொத்துபவரும், முறிந்த கலப்பையைச் சீர்செய்பவரும் நாள்தோறும் ஒரு வினாவுக்கு விடை சொல்லிக்கொண்டே இருக்கின்றனர். 'நான் திருத்தித் தரும் இப்பொருளை நம்பி இன்னொருவர் தம்மை ஒப்படைக்கலாமா?' என்பதே அவ்வினா. அதனை ஆராய்வதற்கு நான் இங்கே எடுத்துக்கொண்டிருப்பது, கட்டைவிரல் அளவேயான ஒரு பிளாஸ்டிக் துண்டு.

அத்துண்டைப் பற்றிக் கூறுமுன் அது பயன்பட்ட நிலத்தைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மூதூருக்கும் சம்பூருக்கும் இடையில் உள்ளது கட்டைபறிச்சான். வயலையும் களப்பையும் கடலையும் நம்பி வாழும் ஊர். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தக் காலத்தில் அரசின் கட்டுப்பாட்டுப் பகுதியும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியும் இவ்வூரை ஒட்டியே எதிரெதிர் நின்றன. 2006இல் போர் மீண்டும் மூண்டபோது சம்பூர் மக்கள் தம் வீடுவாசலை விட்டு ஓடினர். அவர்களுட் பலர் பின்னர் கட்டைபறிச்சான், மணற்சேனை, பட்டித்திடல், கிளிவெட்டி ஆகிய இடங்களின் முகாம்களில், தம் சொந்தக் காணிக்குக் கூப்பிடு தூரத்திலேயே, ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தனர். 2015இலும் 2016இலும் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட பின்னரே அவர்கள் திரும்பினர்.

படைகள் எதிரெதிர் நின்ற நிலம், படைகள் அகன்ற மறுநாளே வயலாகிவிடுவதில்லை. இந்நாட்டுப் போரில் அரச படைகள் புதைத்த மிதிவெடிகளுள் பாகிஸ்தானில் செய்யப்பட்ட பி-4 என்பது பெயர்பெற்றது. புலிகள் 'ரங்கன் 99' என்பதனையும், மரப்பெட்டியிலமைந்த 'ஜொனி 95' என்பதனையும் தாமே செய்து புதைத்தனர். பி-4 மிதிவெடியின் உடல் பிளாஸ்டிக். அதனுள் இருக்கும் உலோகமோ மிகச் சிறிது. வடக்கிலும் கிழக்கிலும் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ஆனா ஆவன்னாவுடன் சேர்த்தே 'மிதிவெடி' என்ற சொல்லையும் சிவப்பு மண்டையோட்டுப் பலகையின் பொருளையும் பாடசாலையில் கற்றனர். நான் கற்பிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் அத்தலைமுறையினர்.

அந்தச் சிறிதளவு உலோகத்தை மண்ணுக்கடியில் கண்டறிவதற்கே உலோகங்காட்டி என்னும் கருவி பயன்படுகிறது. நீண்ட தண்டு ஒன்று. அதன் அடியில் தட்டுப்போன்ற உறைக்குள் அடங்கிய செப்புக் கம்பிச் சுருள். சுருளினூடே மாறிமாறி ஓடும் மின்னோட்டம் மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அது தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தை எழுப்ப, அதனைச் சுருள் உணர, கருவி ஒலிக்கிறது. 1831இல் மைக்கேல் பரடே கண்டறிந்த தூண்டல் விதியே இதன் அடிப்படை. பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு இது புதிதன்று.

சுருளின் உறையைத் தண்டுடன் பொருத்துவதற்கு அவ்வுறையின் மேற்புறத்தில் இரண்டு சிறு காதுகள் உள்ளன. சட்டிக்குக் காது இருப்பது போலவே இதுவும். இரு காதுகளுக்கும் நடுவே தண்டின் நுனியை வைத்து, இறப்பர் வளையம் இட்டு, பிளாஸ்டிக் ஆணி ஒன்றைச் செலுத்தி முடுக்குவர். இக்காது முறிவதே இக்கருவிகளுக்கு அடிக்கடி நேரும் பழுது. மின்னோட்டத்துக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. காது முறிந்த பின்னும் கருவி ஒலிக்கும். அருகில் ஓர் ஆணியைக் காட்டினால் கத்தும். ஆகவே 'பெரிய பழுது ஒன்றுமில்லை' என்றே எவருக்கும் தோன்றும்.

உண்மை வேறு. காது தளர்ந்தால் சுருள் ஒருபுறம் சாய்கிறது. அதன் ஓர் ஓரம் நிலத்தைவிட்டு எழுகிறது. உலோகத்துக்கும் சுருளுக்கும் இடையேயுள்ள தூரம் சிறிதளவு கூடினாலும் வரவேண்டிய ஒலி பன்மடங்கு குறைந்துவிடும். வயல்வரப்பில் தொலைந்த மோதிரத்தைத் தேடுபவருக்கு இதனால் நேரக்கூடியது ஏமாற்றம் மட்டுமே. மிதிவெடி தேடுபவருக்கோ, அவருக்குப் பின் அந்நிலத்தில் மண்வெட்டியுடன் இறங்குபவருக்கோ நேரக்கூடியதை எழுதத் தேவையில்லை.

இங்கேதான் நம் வினாவின் கூர்மை புலப்படுகிறது. இக்கருவியின் ஒலிக்குப் பொருள் ஒன்றே: 'இங்கே உலோகம் உண்டு.' அதன் மௌனத்துக்கோ இரண்டு பொருள்கள் உண்டு: 'இங்கே ஒன்றுமில்லை' என்பது ஒன்று; 'எனக்குக் கேட்கவில்லை' என்பது மற்றொன்று. வெளியே நிற்பவர் காதுக்கு இவ்விரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கிணற்றுக் கயிறு அறுந்தால் வாளி விழும் ஓசை கேட்கும். கேட்கும் கருவியின் பழுது அமைதியாகவே வெளிப்படும். அந்த அமைதியை மனிதர் நற்செய்தி என்று கொள்வர்.

வரலாற்றில் இதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. 1881 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி காபீல்ட் சுடப்பட்டார். அவருடலில் புதைந்த குண்டைக் கண்டறிவதற்குத் தொலைபேசியால் புகழ்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல், இதே தூண்டல் விதியின்மீது ஒரு கருவியை அமைத்துக்கொண்டு சென்றார். குண்டு அகப்படவில்லை. செப்டெம்பரில் ஜனாதிபதி இறந்தார். குண்டு இருப்பதாக மருத்துவர் கருதிய வலப்புறத்திலேயே தேடல் நடந்தது; குண்டு இருந்ததோ இடப்புறம். நோயாளி கிடந்த படுக்கையின் உலோகச் சுருள்வில்லும் கருவியைக் குழப்பியதாகக் கூறப்படுகிறது. கருவி செவ்வனே இயங்குவதாகப் பெல் முன்னரே சோதித்திருந்தார். கருவி சரியாக இருந்தாலும், அது நிற்கும் இடமும் அதைச் சூழ்ந்த பொருள்களும் சரியாக இல்லாவிட்டால் அதன் சாட்சியம் பயனற்றது என்பதே இதன் பாடம்.

இதனை மனத்திற்கொண்டு முறிந்த காதைத் திருத்தும் முறையைக் கவனிப்போம். நம் கைக்கு முதலில் எட்டுவது இரும்பு. உடைந்த எதனையும் கம்பியால் கட்டி, தகடு வைத்து, திருகாணியால் இறுக்குவதே நமக்குப் பழக்கமான வைத்தியம். இக்கருவிக்கு அதுவே நஞ்சு. சுருளின் அருகே இரும்பை வைத்தால் கருவி அந்த இரும்பையே கேட்டுக்கொண்டிருக்கும், மண்ணைக் கேளாது. இரும்புத்தூள் கலந்து 'இரும்புபோல் உறுதி' என்று விற்கப்படும் பசையும் ஆகாது. மின்னைக் கடத்தும் கரிநாரும் ஆகாது. மிக உறுதியான திருத்தம் எது என்று தேடுபவர் இங்கே மிகக் கேடான திருத்தத்தையே சென்றடைவார்.

ஏற்ற முறைகள் எளியவை. உறை ஏபிஎஸ் என்னும் பிளாஸ்டிக்காயின், அதே பிளாஸ்டிக்கின் துணுக்குகளை அசிற்றோனில் கரைத்துக் கூழாக்கி, முறிந்த முகங்களில் பூசி இணைக்கலாம். அது உடைந்ததை அதன் சொந்தப் பொருளாலேயே ஒன்றாக்கும் முறை. மற்றொன்று, வெடிப்பு ஓடி நின்ற நுனியில் சிறு துளை இட்டு, அது மேலும் ஓடாது தடுத்து, முறிந்த இடத்தை உரத்தாளால் சொரசொரப்பாக்கி, கண்ணாடிநார்த் துணியை எப்பொக்சிப் பிசினில் தோய்த்துப் போர்த்துவது. கண்ணாடிநார் உலோகமன்று, கருவிக்கு அது இல்லாத பொருள் போன்றது. இக்கலையை வெளிநாட்டு நிபுணரிடம்தான் கற்க வேண்டும் என்பதில்லை. 2004 சுனாமிக்குப் பின் நம் கிழக்குக் கரையெங்கும் கண்ணாடிநார்ப் படகுகள் பெருந்தொகையாக வழங்கப்பட்டன. அவற்றின் அடிப்பகுதி பாரில் உரசிக் கிழியும்போது பிசினும் நாரும் கொண்டு ஒட்டுப்போடும் கைகள் மூதூர்க் கரையில் உண்டு. அக்கைகளுக்கு இந்தக் காது ஒரு மணிநேர வேலை.

ஆனால் தேர்ந்த கைவினைஞர் ஒட்டுவதற்கு முன் ஒன்று கேட்பார்: 'இது ஏன் உடைந்தது?' பல வேளைகளில் விடை காதில் இருப்பதில்லை. இறப்பர் வளையம் தேய்ந்துவிடுகிறது. சுருள் தளர்ந்து ஆடுகிறது. ஆட்டத்தை நிறுத்த வேலையாள் ஆணியை மேலும் முடுக்குகிறார். நாளெல்லாம் வெயில் பட்டு நொய்ந்த காது அந்த இறுக்கத்தைத் தாங்காது வெடிக்கிறது. சில ரூபாய் பெறுமதியான வளையத்தை மாற்றாமல் காதை மட்டும் ஒட்டினால் அது மறுபடியும் உடையும். உடைந்த இடமும் பழுதின் இடமும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. பரீட்சையில் தவறிய மாணவனைத் தண்டிக்கும் முன்னர் ஆசிரியராகிய நாம் நினைவுகொள்ள வேண்டிய உண்மையும் இதுவே.

இத்துடன் கைத்தொழிலின் வினா முடிகிறது. அறத்தின் வினா தொடங்குகிறது. நன்கு ஒட்டப்பட்ட காதை ஏற்கலாமா? இரு சாரார் இரு விடை கூறுவர். ஒரு சாரார், 'உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் ஒட்டுப்போட்ட பொருளுக்கு இடமில்லை. எறிந்துவிட்டுப் புதியதை வாங்குக' என்பர். மறு சாரார், 'புதியது வரும்வரை நிலம் காத்திருக்குமா? பசி காத்திருக்குமா? உள்ளதைத் திருத்திப் பயன்கொள்வதே ஏழை நாட்டின் அறிவு' என்பர். இரண்டிலும் உண்மை உண்டு. முதலாவது விடையைச் சொல்பவர் பெரும்பாலும் வாங்க வல்லவர். இரண்டாவதைச் சொல்பவர் பெரும்பாலும் அந்தக் கருவியைத் தாமே ஏந்திச் செல்லாதவர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

வகுப்பில் இவ்வினாவை ஒருநாள் முன்வைத்தேன். மாணவர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டனர். கடைசி வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி, இரு கட்சியிலும் சேராமல், ஒன்று கேட்டாள்: "சேர், ஒட்டினவர் அதைப் பிடிச்சுக்கொண்டு முதலில தான் நடப்பாரா?"

அறநூல்கள் பல பக்கங்களில் சொல்ல முயல்வதை அவள் ஒரு வாக்கியத்தில் கேட்டுவிட்டாள் என்றே நான் கருதுகிறேன். திருத்தம் என்பது திருத்துபவர் தம் திறமையைக் காட்டும் செயல் மட்டுமன்று. முகமறியாத இன்னொருவருக்கு அவர் கொடுக்கும் வாக்குறுதி அது. அவ்வாக்குறுதியின் நேர்மை பசையின் உறுதியால் மட்டும் அமைவதில்லை. ஆபத்தைத் திருத்துபவரும் பங்கிட்டுக்கொள்கிறாரா, திருத்தம் நடந்தது என்பதைப் பயன்படுத்துபவர் அறிவாரா, ஐயம் எழுந்தால் 'இதைத் தொடமாட்டேன்' என்று மறுக்கும் உரிமை அவருக்கு உண்டா என்பவற்றாலும் அமைகிறது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் மிகச் சிறந்த ஒட்டும் ஒரு வகைப் பொய்யாகிவிடும்.

மிதிவெடி அகற்றுவோர் இவ்வினாவுக்குத் தம் நடைமுறையிலேயே விடை கண்டுள்ளனர். களத்தில் நிற்பவர் தம் கருவியைத் தாமே ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடர்வதில்லை. ஐயத்துக்குரிய கருவி களத்திலிருந்து விலக்கப்படுகிறது. வேலை தொடங்குமுன் ஒவ்வொரு கருவியும், குறித்த ஆழத்தில் புதைத்த மாதிரி உலோகத்தின்மேல் சோதிக்கப்படுகிறது. இடையிடையேயும் சோதனை உண்டு. சோதனையில் கருவி தவறினால், முன்னைய நல்ல சோதனைக்குப் பின் அது கடந்த நிலம் முழுவதையும் மறுபடி தேடுவதே ஒழுங்கு. துப்புரவானதாக ஒப்படைக்குமுன், நிலத்தின் சில பகுதிகளை வேறு கைகள் மீண்டும் பரிசோதிக்கின்றன. கருவியின் மௌனத்தை அவர்கள் தன்பாட்டில் நம்புவதில்லை. கேட்கும் ஆற்றல் நிறுவப்பட்ட பின் வரும் மௌனத்தையே நம்புகின்றனர். அதற்கப்பாலும் ஐயம் இருக்குமிடத்தில் கருவியையே ஒதுக்கிவிட்டு, நீண்ட காம்புடைய முள்வாரிகளால் மண்ணைப் படிப்படியாக வாரி எடுக்கும் முறையும் இந்நாட்டின் வடபுலத்தில் வளர்த்தெடுக்கப்பட்டது.

இந்த ஒழுங்கில் ஒரு பெரிய சமூக உண்மை அடங்கியுள்ளது. நம்பிக்கை என்பது ஒருவரின் நல்லெண்ணத்திலிருந்து தானாக ஊறுவதன்று. கூட்டு உழைப்பால் நாள்தோறும் உண்டாக்கப்படுவது. வடக்கில் இவ்வேலையில் ஈடுபட்டோருள் பெண்கள் பெருந்தொகையினர். அவர்களுட் பலர் போரில் கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். கொதிக்கும் வெயிலில், முகக்கவசத்துக்குள், முழந்தாளிட்டு அவர்கள் ஒரு நாளில் துப்புரவாக்கும் நிலம் சில சதுர மீற்றர்களே. அந்த உழைப்பின் பயனாய், 2017இல் மட்டக்களப்பு மாவட்டம் மிதிவெடி அற்றதாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசெம்பரில் இலங்கை, ஆட்களுக்கெதிரான மிதிவெடிகளைத் தடைசெய்யும் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இணைந்தது. கையொப்பமிட்டோரை வரலாறு பதிவுசெய்யும். முழந்தாளிட்டோரின் பெயரைப் பதிவுசெய்ய நாம்தான் முயலவேண்டும்.

இனி, கருவி யாருடையது என்னும் வினா. மிதிவெடி காட்டும் கையடக்கக் கருவியைச் செம்மையாக அமைத்தவருள் முதன்மையானவர், போலந்து நாட்டுப் பொறியியலாளரும் படை அதிகாரியுமான யூசெப் கொசாட்ஸ்கி. தாய்நாடு நாஸிகளிடம் வீழ்ந்த பின் ஸ்கொட்லாந்தில் தங்கியிருந்த அவர், 1941-42இல் அக்கருவியை உருவாக்கினார். 1942இல் எல் அலமெயின் போர்க்களத்துக்கு ஏறத்தாழ 500 கருவிகள் அனுப்பப்பட்டன. அவர் அதற்கு உரிமம் பெற்றுப் பணம் ஈட்டவில்லை. பிரித்தானியப் படைக்கு அதனை இலவசமாகவே அளித்தார். போலந்தில் சிக்கியிருந்த குடும்பத்தினரின் பாதுகாப்புக் கருதி அவர் பெயரும் நெடுங்காலம் மறைக்கப்பட்டிருந்தது.

அவ்வாறு பொதுச்சொத்தாகப் பிறந்த கருவியின் வழித்தோன்றல்கள் இன்று சந்தைப்பொருள்கள். பலவற்றில் காது உறையுடன் ஒரே வார்ப்பாக வார்க்கப்பட்டுள்ளது. சுருளோ உறைக்குள் பிசினால் நிரந்தரமாக மூடப்பட்டுள்ளது. ஆகவே கட்டைவிரல் அளவுத் துண்டு முறிந்தால் பழுதற்ற சுருள் முழுவதையும் எறிந்து புதியதை வாங்கவேண்டும். இது இயற்கையின் நியதியன்று; யாரோ ஒருவர் வரைபலகையில் எடுத்த முடிவு. காதைத் தனித் துண்டாக அமைத்திருந்தால் அதை மாற்ற ஐந்து நிமிடம் போதும். பொருள்களைத் திருத்திப் பயன்படுத்தும் உரிமை இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம், வீட்டுப் பாவனைப் பொருள்கள் சிலவற்றையேனும் உற்பத்தியாளர் திருத்தித் தரவேண்டும் என்று விதி செய்தது. நமக்கோ அவ்வுரிமையின் தேவை நூலறிவால் வந்ததன்று. 2022இல் அந்நியச் செலாவணி வற்றி இறக்குமதி முடங்கியபோது உதிரிப்பாகம் என்ற சொல்லின் பெறுமதியை நீரிறைக்கும் இயந்திரம் முதல் மருத்துவக் கருவி வரை ஒவ்வொன்றும் நமக்கு உணர்த்திற்று.

எனினும் திருத்தும் உரிமையைக் கோரும் நாம் ஓர் எச்சரிக்கையையும் மறக்கலாகாது. புதியது ஒருவருக்கும் ஒட்டுப்போட்டது இன்னொருவருக்கும் என்று பிரிக்கப்படும்போது, திருத்தம் என்னும் நற்சொல் வஞ்சகத்துக்குத் திரையாகிறது. வறியவர் கைக்கு வரும் பேருந்து, தோணி, மருந்தூசி, வகுப்பறைக் கூரை ஆகியவற்றுள் எத்தனை, எவரும் சோதிக்காத ஒட்டுகளுடன் வருகின்றன! 'அவர்களுக்கு இது போதும்' என்னும் மூன்று சொற்களே ஒட்டின் மிகப் பெரிய பழுது. ஆகவே நம் கோரிக்கை இரண்டு பக்கங்களைக் கொண்டது: திருத்துவதற்கான வரைபடமும் பாகமும் பயிற்சியும் உழைப்போர் கைக்கு வரவேண்டும், திருத்தப்பட்ட பொருளைச் சோதிப்பதும் ஏற்க மறுப்பதும் அதனைப் பயன்படுத்துவோரின் உரிமையாக வேண்டும். முதலாவது இல்லாத நாடு என்றும் கையேந்தி நிற்கும். இரண்டாவது இல்லாத நாடு தன் ஏழைகளைச் சோதனைப் பொருளாக்கும்.

ஈழத்துத் தமிழர் பேச்சில் 'திருத்துதல்' என்னும் சொல்லுக்கு விரிந்த ஆட்சி உண்டு. சைக்கிளையும் திருத்துகிறோம், விடைத்தாளையும் திருத்துகிறோம். காடு வெட்டி நிலத்தையும் திருத்துகிறோம். இம்மூன்றிலும் ஒரு பொது நியதி உண்டு. எங்கே பிழை என்று காணாமல் திருத்த இயலாது. திருத்தியதை மறுபடி பாராமல் ஒப்படைக்கவும் கூடாது. தமிழ்நாட்டார் வழங்கும் 'பழுதுபார்த்தல்' என்னும் தொடரும் பார்ப்பதையே செயலின் பெயராகக் கொண்டுள்ளது. போருக்குப் பின் நம் சமூகத்திலும் பல முறிவுகள் மேற்பூச்சால் மூடப்பட்டுள்ளன. ஏன் உடைந்தது என்று எவரும் கேட்பதில்லை; தேய்ந்த வளையம் எது என்று தேடுவதில்லை; ஊர் அமைதியாக இருக்கிறது என்பதே போதிய சான்றாகக் கொள்ளப்படுகிறது. அந்த அமைதி, ஒன்றுமில்லை என்பதாலா, கேட்கும் காது உடைந்திருப்பதாலா என்று சோதித்தறிவது கற்றோர் கடமை. அச்சோதனையை நாம் நம் வகுப்பறைகளிலிருந்தே தொடங்கலாம். கடைசி வாங்கில் வாய் திறவாதிருக்கும் பிள்ளைக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று முடிவு கட்டுமுன், நம் பேச்சு அவ்வாங்குவரை சென்று சேர்கிறதா என்று பார்ப்போமாக.